தாராவுக்கு ஒரு வாக்கு

ஒரு விடுகதை. தாய்மார் ஐந்து பேர், பிள்ளை ஒன்று. பிறந்தது ஓரிடம், வளர்ந்தது வேறிடம், பேசுவது இன்னோரிடத்து மொழி. ஐந்து கொடியையும் காட்டிவிட்டுத்தான் தன் முகத்தைக் காட்டும். அது என்ன?

நம் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடாதீர்கள். விடை: ஐரோப்பியச் சிறுவர் திரைப்படம். ஒரு நாடு தனியே எடுக்காது, ஐந்து சேர்ந்து எடுக்கும். அப்படி ஒரு படம் ஜேர்மனியில் எங்கள் பீலெஃபெல்ட் நகரத்துக்கு வந்தால், படமாளிகையின் பின்வரிசையில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்து, திரையில் பேசுகிற எல்லாருடைய பேச்சையும் அந்தந்த நேரத்திலேயே ஜேர்மன் மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அடியில் ஓடும் எழுத்தை வாசித்து முடிப்பதற்குள் குதிரை மலையைத் தாண்டிவிடும் அல்லவா? வருடம் முழுவதும் ஒரு தமிழ்ச் சஞ்சிகைக்குச் சிறுவர் பக்கம் எழுதும் நான், இலையுதிர்காலச் சிறுவர் திரைப்பட வாரத்தில் அந்த ஆள். பிள்ளைகளுக்கு எதையாவது விளக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என் உறவினர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஐந்து கொடி

இந்த வருடத்து முதற்படம் ஒரு குதிரையைப் பற்றியது. கதை நோர்வேயில் நடக்கிறது. மலை அயர்லாந்துடையது, குதிரை ஹங்கேரியுடையது. டென்மார்க்கும் பெல்ஜியமும் என்ன கொடுத்தன என்பதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

விளக்கு அணைந்ததும் கொடிகளும் இலச்சினைகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று விடாமல் வாசிப்பது என் கடமை. பதினோராவது இலச்சினையை வாசித்து முடித்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப்பெண் கைதட்டினாள், எழுந்து குளிர்ச்சட்டையை மாட்டினாள், தாயிடம் சொன்னாள்:

“நல்ல படம். ஆனால் குதிரை எங்கே?”

ஆபத்துக்கு ஒரு சொல்

அந்தப் படத்தில் பதினாறு பேர் பேசுகிறார்கள். பதினாறும் நான்தான். நடுவில் ஓர் ஆட்டிடையர் பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் விழுவார். அப்போது ஜேர்மனில் “உதவி!” என்று கத்த வேண்டும் என்று தாளில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். பனிக்கட்டி உடைந்த சத்தத்தில் நானே திடுக்கிட்டுப் போனேன். நோர்வே இடையர் படமாளிகை அதிர “ஐயோ!” என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் போனார்.

அந்த வாரத்தின் சிறந்த படத்தைத் தெரிவு செய்ய ஐந்து பிள்ளைகள் கொண்ட நடுவர் குழு இருந்தது. எல்லாருக்கும் பத்து வயது, எல்லாரும் பீலெஃபெல்ட் பள்ளிக்கூடங்களில் படிப்பவர்கள். அவர்களில் பவுல் குறிப்புப் புத்தகமும் கையுமாகத் திரிபவன். அபிரா எங்கள் தமிழ்ப் பிள்ளை. தாய் தகப்பன் யாழ்ப்பாணம், அவள் பிறந்தது இங்கே. படம் முடிந்ததும் பவுல் அவளிடம், “நோர்வேக்காரர்கள் விழுந்தால் ‘ஐயோ’ என்றா சொல்வார்கள்?” என்று கேட்டான். அபிரா ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள்:

“ஐரோப்பாவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.”

பவுல் எழுதிக்கொண்டான்.

பஸ் நிறுத்தம்

மறுநாள் வாத்துப் படம். யாழ்ப்பாணத்தில் வாத்தைத் தாரா என்போம், ஆகவே அபிராவுக்கும் எனக்கும் அது தாராப் படம். முழுக்க ஜேர்மன் படம், என் குரலுக்கு வேலையில்லை. அபிராவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வழிதவறிய தாரா ஒன்று நகரமெல்லாம் நடந்து, மழையில் நனைந்து, ஒரு பஸ் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்கியது. அபிரா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். பின்னாலிருந்தவர் “உஷ்!” என்றார். அவள் கேட்டால்தானே.

“அன்ரி, அது எங்கட பஸ் நிறுத்தம்! நான் அதிலைதான் ஒவ்வொரு நாளும் ஏறுறனான்!”

நான்காம் விதி

அன்றிலிருந்து வாரம் முழுவதும் அபிராவும் பவுலும் தாராவுக்குப் பிரசாரம் செய்தார்கள். கடைசி நாள் வாக்களிப்பு. நிகழ்ச்சியை நடத்தும் பிர்கிட் விதிகளை வாசித்தார். நான்காவது விதி: நடுவர் தன் சொந்த நாட்டுப் படத்துக்கு வாக்களிக்கக் கூடாது. முன்பு பல நாடுகளிலிருந்து பிள்ளைகள் நடுவர்களாக வந்த காலத்தில் எழுதியது. அதை வெட்டிவிட யாருக்கும் நினைவு வரவில்லை. வாக்கு அட்டையின் தலைப்பில் ‘என் நாடு’ என்று ஒரு கோடு இருந்தது.

நடுவர்களில் எலெனியின் தகப்பன் கிரேக்கர். அவள் யோசிக்காமல் ‘கிரேக்கம்’ என்று எழுதித் தாராவுக்குப் போட்டாள். ஸோபியா ‘போலந்து’ என்று எழுதித் தாராவுக்குப் போட்டாள். பவுலும் மியாவும் வேறு வழியில்லாமல் ‘ஜேர்மனி’ என்று எழுதினார்கள். தாராவையும் குதிரையையும் தவிர மற்றப் படங்கள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஆகவே தொங்கிய முகத்தோடு குதிரைக்குப் போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு. பவுல் பேனாவை மேசையில் வைத்தான்.

“எங்கள் தாராவுக்கு வெளிநாட்டுக்காரர் மட்டும்தான் வாக்குப் போடலாமா?”

பாஸ்போட்

மிச்சம் அபிராவின் அட்டை. பிர்கிட் நல்ல மனுஷி. பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் குனிந்து, “நீ இலங்கை என்று எழுதலாமே, உனக்கு அந்த வசதி இருக்கிறதே” என்றார்.

அபிராவைக் கூட்டிப்போக வந்த தாய் வாசலில் நின்றிருந்தாள். அவள் காதில் இது விழுந்துவிட்டது. மகளை ஒரு பக்கமாக அழைத்தாள்.

“அம்மா, நான் எழுதாட்டித் தாரா தோத்துப்போயிடும்.”

“தோக்கட்டும். இந்த ஜேர்மன் பாஸ்போட் எடுக்க நானும் கொப்பாவும் எத்தினை அன்ராக் படிவம் நிரப்பினனாங்கள் தெரியுமே? இப்ப ஒரு தாராவுக்காக அதைக் குடுக்கப் போறியே?”

அட்டை

அபிரா மேசைக்குத் திரும்பி வந்தாள். பவுல் கெஞ்சினான். “இலங்கை என்று எழுது. இன்றைக்கு மட்டும். நாளைக்குத் திரும்பவும் ஜேர்மன்காரி ஆகலாம்.”

அவள் பேனாவின் மூடியைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“அன்ரி, நீங்கள் என்னத்தை எழுதுவியள்?”

இருபது வருடமாகப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு அச்சில் பதில் சொல்லி வருகிறேன். “நான் நடுவர் இல்லையே, பிள்ளை” என்றேன்.

“நல்லா நழுவுறியள்” என்றாள்.

பிறகு அவள் ‘ஜேர்மனி’ என்று எழுதி, குதிரைக்குப் புள்ளடி போட்டாள், தாரா மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது.