மூத்தவள் மனப்பாடம் செய்த வார்த்தை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு 'டிக்‌ஷனரி' என்று பெயர். நீராவி இஸ்திரி மெஷினுக்குள் படுக்கை விரிப்புகளைத் தள்ளிக்கொண்டே உதடுகள் முணுமுணுக்கும். பார்க்கிறவர்கள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தார்கள். ஜெபமாவது ஒன்றாவது. பல நூறு வருஷத்துப் பழைய ஆங்கிலத் துயர நாடகம் அது. முடிவதற்குள் முக்கியமான ஆட்கள் எல்லாரும் செத்துப்போவார்கள். சும்மா சாகிறார்களா என்றால் அதுவும் இல்லை, யாருக்கும் விளங்காத வார்த்தைகளாகக் கொட்டிவிட்டுத்தான் சாவார்கள்.

மாலைக் கல்லூரியில் மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். இந்த நாடகத்தின் வாய்மொழித் தேர்வில் மட்டும் இரண்டு தடவை வாயடைத்து நின்றாள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் அதே ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் நாற்காலி போட்டு உட்காரலாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இந்த நீராவியில் வேக வேண்டியதுதான்.

வெறுமனே படித்தால் எதுவும் மண்டையில் ஏறவில்லை. அதனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டிலிருந்து ஒரு முகத்தை மாட்டிவிட்டாள். 'யூசர்ப்பர்' என்றால் அடுத்தவர் இடத்தை அபகரித்தவன். ஒரு மாதம் தங்குகிறேன் என்று வந்து, முன்னறையை மொத்தமாக வளைத்துப்போட்ட கணவனின் அண்ணன்தான் அது. 'சைக்கோஃபன்ட்' என்றால் ஜால்ரா. டிவி ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் பேசும் மாமனார். 'ஸ்லாத்' என்றால் சோம்பல். அதற்கு ஆள் தேடவே வேண்டியதில்லை, பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

'பெர்ஃபிடியஸ்' மட்டும் ஆள் கிடைக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. கூட இருந்தே குழி பறிக்கிறவர் என்று அர்த்தம்.

தேர்வு நாளுக்கு லீவு கேட்டபோது சூப்பர்வைசர் பார்க்கலாம் என்றார். அன்றைக்கே, சோப்பு மூட்டைகள் அடுக்கிய அறையில் அவரிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள் மூத்தவள். மூத்தவள் என்றால் அவளுடைய ஓரகத்தி, யூசர்ப்பரின் மனைவி. இருவருக்கும் வீட்டில் ஒரே அடுப்படி, வேலையில் ஒரே கூடம். மறுநாள் பதில் வந்தது, லீவு கிடையாது. மூத்தவள்தான் தடுத்துவிட்டாள் என்று அவள் முடிவு கட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் இவளுக்கு ஏன் பொறுக்கவில்லை? அந்த நிமிஷமே வார்த்தைக்கு முகம் கிடைத்துவிட்டது. பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

அன்று முதல் மூத்தவளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்துக்கு நேராகவே அந்த வார்த்தையைச் சொன்னாள். பாத்திரம் கழுவும்போதும் சொன்னாள், உப்பை நீட்டும்போதும் சொன்னாள். மூத்தவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். தங்கச்சி பாடம் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தானும் கூடவே சொல்லிப் பழகினாள்.

தேர்வு அன்று காலை என்ன ஆனாலும் சரி, சொல்லாமலே ஓடிவிடுவது என்று முடிவு செய்து, அங்கே விட்டிருந்த புத்தகப் பையை எடுக்கச் சலவைக்கூடத்துக்குப் போனாள். அவளுடைய மெஷின்முன் மூத்தவள் நின்றிருந்தாள். இரவு ஷிப்ட் முடித்த கண்கள் சிவந்திருந்தன.

"உன் ஷிப்டையும் நானே பார்க்கிறேன்னு அன்னிக்கே போய்க் கேட்டேன். ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கக் கூடாதுன்னார். விடாம கெஞ்சி, இப்பதான் சரின்னார்" என்றாள் மூத்தவள். "நீ கிளம்பு. அந்த பெர்ஃபிடியஸை மறந்துடாத. சரியாச் சொல்றேனா?"

அவள் தலையாட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தேர்வாளர் புத்தகத்தைப் புரட்டினார். முதலில் கேட்டதெல்லாம் தெரிந்த முகங்கள், பதில்கள் மளமளவென்று வந்தன. பிறகு அந்த வார்த்தையைக் கேட்டார். மூத்தவளின் முகம் வந்தது, சிவந்த கண்களோடு வந்தது. அர்த்தம் வரவில்லை. முகம் மாறிப்போனதில் ஒட்டியிருந்ததும் உதிர்ந்துபோய்விட்டது. தேர்வாளர் பேனாவின் மூடியைத் திறந்தார். மூன்றாவது தடவையும் போய்விட்டது என்று நினைத்தாள்.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். மூத்தவளை மறுபடி சோப்பு அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். குசுகுசுவென்று பேச வைத்தாள். இவள் என்னைக் கெடுக்கிறாள் என்று, பொய் என்று தெரிந்தே, பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள். அர்த்தம் ஓடி வந்து நின்றது. தங்குதடையின்றிச் சொன்னாள். தேர்வாளர் தலையசைத்து மதிப்பெண் போட்டார்.

மாலையில் அடுப்படியில் மூத்தவள் வலது கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்கமில்லாத மெஷின், நீராவி அடித்துவிட்டது. தேர்விலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து தடவினாள்.

"பாஸா?"

"பாஸ்தான்க்கா."

"நம்ம வார்த்தையைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"இத்தனை நாள் சொல்லிட்டே இருக்கேன், அர்த்தம் தெரியாது பாரு. என்ன அதுக்கு?"

பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அர்த்தத்தைச் சொன்னாள். யாரை நினைத்து மனப்பாடம் செய்தாள் என்பதையும் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மூத்தவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு அங்க பதில் சொன்னப்பவும் என்னைத்தான் நினைச்சியா?"

"ஆமாக்கா."

மூத்தவள் பாதி மருந்து தடவிய கையை மெதுவாக இழுத்து, மறுபடி தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள்.