ஸ்போத்ரா வீட்டு அடிதடி

"இந்தப் பயலுகளுக்குக் கதவைக் கையால தொறக்கவே தெரியாதா? எதுக்கெடுத்தாலும் ஒதைதானா?"

லாட்வியாவில் யெல்காவா என்கிற ஊரில், ஐந்து மாடிக் குடியிருப்பின் நாலாம் மாடியில், ஸ்போத்ரா தினமும் காலையில் காப்பியும் கையுமாக உட்கார்ந்து சொல்கிற முதல் வார்த்தை இதுதான். பயலுகள் என்று அவள் சொல்வது அமெரிக்கப் போலீஸ் தொடரில் வருகிறவர்களை. ஆங்கிலத்தில் அடித்துக்கொள்கிறவர்களை லாட்விய மொழியில் அடித்துக்கொள்ள வைப்பது அவள் வேலை. தலைநகர் ரீகாவில் இருக்கிற ஒரு ஒலிப்பதிவு நிலையத்துக்கு இருபது வருஷத்துக்கு மேலாக எழுதிக் கொடுக்கிறாள்.

அங்கே டிவியில் வெளிநாட்டுத் தொடர் என்றால் ஆளுக்கொரு குரல் கிடையாது. எல்லாருக்கும் ஒரே ஆள். எகீல்ஸ் என்று ஒரு மனிதர். கொலைகாரனுக்கும் அவர்தான் பேசுவார், செத்தவன் பெண்டாட்டிக்கும் அவர்தான் அழுவார். அழுவார் என்றால் அழமாட்டார். பின்னால் அசல் ஆட்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள், அதற்கு மேலே இவர் ரயில் அறிவிப்பு மாதிரி நிதானமாக வாசித்துக்கொண்டு போவார். குரல் உயர்த்துவது அந்த ஊர்க்காரர்களுக்கு அநாகரிகம். ஆகவே கத்தாமல் சொன்னாலும் வயிற்றைக் கலக்குகிற சொல் வேண்டும். அதைத் தேடுவதுதான் ஸ்போத்ராவின் பிழைப்பு.

அவள் மொழியோ இந்த வேலைக்கென்று பிறந்ததில்லை. பேய் கொண்டுபோக, பாம்பு கடிக்க, போய்க் காளான் பொறுக்கு. வீட்டில் புழங்குகிற திட்டு இவ்வளவுதான். அதற்கு மேல் காரம் வேண்டியவர்கள் ரஷ்ய மொழியில் கடன் வாங்குவார்கள், அதை டிவியில் சொல்ல விடமாட்டார்கள். துப்பாக்கியை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒருவன் "போய்க் காளான் பொறுக்கு" என்றால் எவன் பயப்படுவான்? கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அடிக்கிறதுக்குச் சொல் இல்லாமல் இல்லை. நாம் சாத்து, மொத்து, வெளு, விளாசு என்று சொல்கிற மாதிரி அவர்களுக்கும் உண்டு. ஆனால் பாதிச் சொல் கம்பளம் தட்டுவதற்கு, மீதிச் சொல் விறகு பிளப்பதற்கு. ஒரு மனிதன் முகத்தில் விழுகிற அடிக்கு எது பொருந்தும் என்று நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் வராது. ஸ்போத்ரா எழுந்துவிடுவாள். தலையணையைக் குத்துவாள். ரொட்டி மாவை மேஜையில் அறைவாள். உருளைக்கிழங்கு மூட்டையைச் சுவரோடு சேர்த்து மோதுவாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சொல்லைக் கத்திப் பார்ப்பாள், பிறகு அதையே மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாள். மெதுவாகச் சொன்ன பிறகும் முதுகு சில்லென்றால் அதை எழுதுவாள்.

இதற்கு ஒத்தாசை அவள் புருஷன் விஸ்வால்திஸ். வில்லன் ஆண் குரலில் பேசவேண்டுமே. வீட்டில் வருகிற சிலந்தியைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலுக்கு வெளியே விடுகிற மனிதர் அவர். ஆனால் காகிதத்தைக் கையில் கொடுத்தால் கொலைகாரப் பாவி ஆகிவிடுவார். கோயில் மணி மாதிரி குரல். வேலை பார்த்த சர்க்கரை ஆலை மூடிய பிறகு அவருக்கு இருந்த கௌரவம் ஒன்றே ஒன்று: குடியிருக்கிற கட்டடத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். நிலவறைச் சாவி, கூரைச் சாவி, மாடிப்படி பல்பு, பனி வாருகிற மண்வெட்டி, எல்லாம் அவரிடம். சம்பளம் ஒரு காசு கிடையாது. சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்கும்போது மனிதர் நாலு விரற்கடை உயர்ந்துவிடுவார்.

போன இலையுதிர் காலத்தில் புதுத் தொடர் ஒன்று வந்தது. முந்தைய தொடரெல்லாம் இதற்கு முன்னால் தாலாட்டு. அதே சமயம் மூன்றாம் மாடிக்கு ரஸ்மா என்கிற ஓய்வு பெற்ற நர்ஸ் குடிவந்தாள். அந்தக் கட்டடத்துச் சுவர் எப்படிப்பட்டது என்றால், ஐந்தாம் மாடியில் தும்மினால் முதல் மாடியில் வாழ்த்துச் சொல்லலாம். தினமும் மத்தியானம் ரஸ்மாவின் தலைக்கு மேலே ஒரு ஆண் உறுமுகிறான், எதுவோ சுவரில் மோதுகிறது, ஒரு பெண் அலறுகிறாள், பிறகு சத்தமே இல்லை. அந்த நேரத்தில் மேலே இரண்டு பேரும் சீரக ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருப்பார்கள். தின்கிற சத்தம் கீழே கேட்காது.

வேறு எந்த ஊராக இருந்தாலும் ரஸ்மா மேலே போய்க் கதவைத் தட்டி, என்னம்மா சமாசாரம் என்று கேட்டிருப்பாள். அங்கே அது நடக்காது. அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்பதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைக்கிற ஜனங்கள். கேட்க மாட்டார்கள், ஆனால் கைவிடவும் மாட்டார்கள். ஒருநாள் ஸ்போத்ராவின் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே வீக்கத்துக்குத் தடவுகிற களிம்பு. யாரோ வீடு மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று எடுத்து வைத்தாள். அடுத்த வாரம் தபால் பெட்டியில் ஒரு துண்டுத்தாள், பெண்களுக்கான உதவி எண் போட்டது. விளம்பரம் என்று நினைத்து அதன் பின்பக்கத்தில் கடைக்கு வாங்கவேண்டியதை எழுதிக்கொண்டு போனாள். அப்புறம் ஆப்பிள் ஜாம் வந்தது. அதைச் சாப்பிட்டார்கள்.

விஸ்வால்திஸிடம் யாரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அது அவருக்குத் தெரிய ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. மாடிப்படியில் தலையாட்டுவதே பெரிய வார்த்தை என்கிற ஊரில், தலையாட்டாமல் போனதை எப்போது கவனிப்பது?

கடைசியில் யாரோ போன் செய்து போலீஸ் வந்தது. இளவட்டம் இரண்டு பேர். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் உள்ளே வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் ஸ்போத்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஈயைக்கூட அடிக்கமாட்டார் என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றான் ஒருவன். முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்ததைக் கேட்டார்கள். கம்பளம் தட்டுகிற பிரம்பு தவறி என் மேலேயே பட்டது என்றாள். சொல்லும்போதே அவள் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. வேலையைப் பற்றிச் சொன்னாள், காகிதத்தைக் காட்டினாள். பாதி நம்பினார்கள். இன்னொரு முறை இப்படிப் போன் வந்தால் ஐயாவைக் கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. களிம்பு, துண்டுத்தாள், ஜாம். மறுநாள் நிலவறைக் கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. விஸ்வால்திஸ் தன் சாவியை நுழைத்துப் பார்த்தார், ஏறவில்லை. மேலே வந்து சூப்பைக் குடித்தார். யாரிடம் போய் விளக்கம் சொல்வது? கேட்டவருக்குத்தானே பதில் சொல்லலாம். கேட்காதவர்களிடம் போய், என் புருஷன் என்னை அடிக்கவில்லை என்று கதவு கதவாகச் சொல்லிக்கொண்டு போனால், அடிபட்டவள்தான் அப்படிப் போவாள் என்பார்கள்.

அதன் பிறகு ஸ்போத்ரா கிசுகிசுத்தே வேலை செய்தாள். மூட்டையைத் தொடவில்லை. விளைவு, இரண்டு பாகம் நிலையத்திலிருந்து திரும்பி வந்தது. உங்கள் ரௌடி பால்காரன் மாதிரி பேசுகிறான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டு விஸ்வால்திஸ்தான் கோபப்பட்டார்.

"நீ கத்து. சாவி போனாப் போகுது."

"சாவிதான் போகுதா? ஒன் பேரு போகுதே."

அவர் துணியை எடுத்துக்கொண்டார். துடைத்த சாவிக்கொத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். போகட்டும் என்று வாய் சொன்னால் போதுமா, கை சொல்லவேண்டாமா?

நவம்பர் கடைசியில் குடியிருப்போர் கூட்டம். கீழ்த்தளத்தில் ஆளுக்கொரு முக்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்கள். கூரை ஒழுகலைப் பேசி முடித்ததும், அடுத்தது பொறுப்பாளரை மாற்றுவது என்றார்கள். ஏன் என்று எவரும் சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்போத்ராதான் எழுந்து, காரணம் சொல்லாமல் கை தூக்கக்கூடாது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ரஸ்மா எழுந்தாள். நர்ஸாக இருந்தவள், ரத்தத்துக்கு அஞ்சாதவள், ஆனால் பேச வேண்டும் என்றதும் கழுத்து வரை சிவந்துபோனாள்.

மேலே கேட்டதைக் கேட்டதாகச் சொன்னாள். என்ன கேட்டீர்கள், வார்த்தையைச் சொல்லுங்கள் என்றாள் ஸ்போத்ரா.

"எல்லார் முன்னாலயும் சொல்லணுமா?"

"சொல்லுங்க."

ரஸ்மா தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "ஒன் எலும்ப ஒண்ணொண்ணா ஒடிப்பேன். நீ எண்ணிக்கிட்டே இரு."

ஒரு கிழவர் கையில் இருந்த குல்லாவைப் பிசைந்தார். விஸ்வால்திஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்போத்ரா புருஷனுக்காகப் பேசத்தான் எழுந்திருந்தாள். ஆனால் தொழில்புத்தி எங்கே போகும்?

"பயமா இருந்துச்சா?"

"என்ன கேள்வி இது? அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல."

ஸ்போத்ராவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த இரண்டாவது வரிக்காக அவள் நாலு நாள் மூட்டையோடு மல்லுக்கட்டியிருந்தாள். மலர்ந்த முகத்தைப் பார்த்துக் கூட்டமே பயந்தது. அடிபட்டு அடிபட்டுப் புத்தி பேதலித்துவிட்டது பாவம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு சமாளித்துக்கொண்டு, அது டிவிக்கு எழுதினது, வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் எட்டு மணிக்கு அந்தத் தொடரைப் போடுங்கள், இதே வார்த்தை வரும், வராவிட்டால் சாவியை நானே பிடுங்கித் தருகிறேன் என்றாள். யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மேலே வந்ததும்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. எகீல்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாசிக்கும்போது மூச்சுக்கு ஒத்துவராத வரியைத் தானாக வெட்டிவிடுவார். போனைப் போட்டு, அந்த எலும்பு வரியை வாசித்தீர்களா, முழுசாக வாசித்தீர்களா என்று கேட்டாள். அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"வாரம் பூரா கொலையாத்தான் வாசிக்கிறேன், ஸ்போத்ரா. எதைன்னு ஞாபகம் வச்சுக்க?"

வியாழக்கிழமை எட்டு மணிக்கு விஸ்வால்திஸ் டிவியைப் போடவே மாட்டேன் என்றார். சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவளும் கூடவே உட்கார்ந்தாள். போடவேண்டிய அவசியமும் இல்லை. கீழே ரஸ்மா வீட்டில் தொடர் ஆரம்பித்த இசை கேட்டது. பக்கத்துச் சுவரிலும் அதே. மேலேயும் அதே. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் ஒரே அலைவரிசைதான். கதவு உதைக்கிற சத்தம், நாற்காலி உடைகிற சத்தம், யாரோ அலறினார்கள். ஸ்போத்ரா மேஜைவிரிப்பின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அப்போது நாலு சுவரிலிருந்தும், தரையிலிருந்தும், கூரையிலிருந்தும், எகீல்ஸின் தூங்குமூஞ்சிக் குரல் ஒரே நேரத்தில் வந்தது. உன் எலும்பை ஒன்றொன்றாக ஒடிப்பேன். கொஞ்சம் நிறுத்தினார். வெட்டிவிட்டார் என்றே அவள் நினைத்தாள். நீ எண்ணிக்கொண்டே இரு.

அடுத்து கீழே ரஸ்மா வீட்டில் ஒரு தட்டு உடைந்தது.

விஸ்வால்திஸ் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு ஒன்று சொன்னார்.

"நான் அவரவிட நல்லாச் சொன்னேன்."

மறுநாள் மன்னிப்புக் கேட்க யாரும் வரவில்லை. வந்தால்தான் அதிசயம். ஆனால் நிலவறையில் புதுப் பூட்டைக் காணோம், பழைய பூட்டு எண்ணெய் போட்டுத் தொங்கியது. மாடிப்படியில் பார்க்கிறவர்களெல்லாம் தலையாட்டினார்கள். ஐந்தாம் மாடிக் கிழவர் வாயைத் திறந்து காலை வணக்கம் என்றே சொல்லிவிட்டார், பாவம், சொல்லிவிட்டு அவருக்கே வெட்கம். ரஸ்மாதான் ஒரு வாரம் கழித்துப் படியில் ஸ்போத்ராவை நிறுத்தினாள். தொடரில் வருகிற அந்த மீசைக்காரன் கடைசியில் பிடிபடுவானா என்று கேட்டாள். சொல்லமாட்டேன், டிவியில் பாருங்கள் என்றாள் ஸ்போத்ரா. இப்போதெல்லாம் மத்தியானம் மேலே அடிதடி நடக்காவிட்டால்தான் ரஸ்மாவுக்குக் கவலை. ஒருநாள் விளக்குமாற்றுக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டி, அந்தச் சொல் போதாது, இன்னும் கொஞ்சம் பலமாக வேண்டும் என்று கத்தியிருக்கிறாள். கத்தினாள் என்பதுதான் சேதி.

நீங்கள் அந்தப் பக்கம் போகிறவர்களாக இருந்தால் ஒரு நடை அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நாட்டில் ஒவ்வொரு பெயருக்கும் வருஷத்தில் ஒரு நாள் உண்டு, பிறந்தநாள் மாதிரி கொண்டாடுவார்கள். ஸ்போத்ராவின் நாள் ஜனவரி நாலு. அன்றைக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது, நினைவு வைத்துக்கொண்டு வருகிறவர்தான் விருந்தாளி. அழைக்கவில்லையே என்று நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். குங்குமப்பூ போட்டு முறுக்கு மாதிரி முறுக்கிச் சுட்ட பெரிய ரொட்டி இருக்கும், ரஸ்மா முந்திக்கொண்டு நடுத்துண்டை எடுப்பதற்குள் போய்விடுங்கள். பூ கொண்டுபோனால் ஒற்றைப்படையாகக் கொண்டுபோங்கள், இரட்டைப்படை அங்கே பிணத்துக்கு. வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், விஸ்வால்திஸ் கம்பளிக் காலுறை தருவார். போய் உட்கார்ந்து, நம் மொழியில் அடிக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று அவளுக்கு நாலு சொல்லிவிட்டு வாருங்கள்.