சுண்ணாம்பு மூட்டைகளோடு வெள்ளிமலைக்கு

வைகாசியில் கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை வெள்ளிமலைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே விவசாயிகள் குழுவுக்காக மண் பரிசோதிக்கும் என் தோழி கவிதா, புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரைச் சரிபார்க்கும் பஃபர் கரைசல் தீர்ந்து மாதக்கணக்காகிறது, வாங்கி வா என்றிருந்தாள். 4, 7 என்று பி.எச். அளவு எழுதிய இரண்டு புட்டிகள்; முக்கினால் மீட்டர் அதே எண்ணைக் காட்ட வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் பேருந்தைத் தவறவிட்டு, வடக்கனந்தல் வழியாகப் போகும் ஜீப்பில் ஏறினேன். ஐம்பது ரூபாய், ஒன்றரை மணி நேரம். வளைவுகளில் வயிறு புரள்பவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது பின்னால், சுண்ணாம்பு மூட்டைகளின் மேல். அவை உடன் வந்த அஞ்சலை என்ற பெண்ணுடையவை.

"இன்னாக்கா, வூட்டுக்கு வெள்ளையடிக்கப் போறியா?" என்றார் டிரைவர்.

"கொல்லைக்குடா. மண்ணு புளிச்சிப் போச்சாம். கவிதா மிஷின் வச்சிப் பாத்துச்சு."

"புளிச்சா தோசை சுட வேண்டியதுதானே."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

கொல்லை என்று அஞ்சலை சொன்ன அவர் நிலத்துக்கு மீட்டர் காட்டியது 4.9; 7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம். புளிப்பைக் குறைக்க மறுநாள் சுண்ணாம்பு தூவி மரவள்ளி நட ஆள் சொல்லியிருந்தார்.

வெள்ளிமலையில் கவிதா எடுத்துவந்த மீட்டர் பளபளவென்றிருந்தது. ஒவ்வொரு முறையும் கழுவி, துடைத்து, பாத்திரம் போல வெயிலில் காயவைப்பாளாம். ஆனால் அதன் அளக்கும் கண்ணாடி முனை காயவே கூடாது. 7 கரைசலில் முக்கினோம். 5.6 காட்டியது.

"இத்தினி நாளா இதையா நம்பிக்கினு இருந்தேன்?" என்றாள்.

மாலைவரை முனையை 4 கரைசலில் ஊறவிட்டோம். பிறகு புதிதாக ஊற்றிய 7-இலும் அடுத்து 4-இலும் வைத்துத் திருத்தினோம். அஞ்சலையின் மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி மறுபடி பார்த்தால் 6.3. மரவள்ளிக்கு அது போதும். சுண்ணாம்பு கொட்டியிருந்தால் துத்தநாகச் சத்து வேருக்கு எட்டாமல் இலை வெளுத்திருக்கும். மீட்டரோடு அஞ்சலையின் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்ற. எத நம்புறது?" என்றார் அஞ்சலை.

கவிதா வாதாடவில்லை. "பாட்டில்ல ஏழுன்னு போட்டிருக்குங்க. மிஷினும் ஏழு காட்டுனா, அப்புறம் மண்ணுல வைங்க."

அஞ்சலை தானே முக்கினார். 7.0. பிறகு மண்ணில், 6.3. மூட்டைகளை ஓரமாக நகர்த்தச் சொன்னார்.

கெட்டுப்போன மீட்டரும் தசமப் புள்ளியோடுதான் பேசுகிறது. அதன் குரலில் தயக்கம் இருப்பதில்லை.

மண்ணோ கிணற்று நீரோ அளக்க மலையேறுபவர்கள் மீட்டரின் முனையை அதற்கென்றே விற்கும் சேமிப்புக் கரைசலில் ஈரமாகவே கொண்டுபோங்கள். வெறும் காய்ச்சி வடித்த நீரில் வைக்க வேண்டாம். அளக்கும் அன்றே சரிபாருங்கள். பயன்படுத்திய பஃபரைப் புட்டிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.

ஞாயிறு காலை நான் இறங்கும்போது அஞ்சலையின் நிலத்தில் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். வழியனுப்பக் கவிதா வரவில்லை. அதே மீட்டரை நம்பிப் போன வாரமே சுண்ணாம்பு போட்டுவிட்ட இன்னொரு வீட்டுக்கு, சொல்லப் போயிருந்தாள்.