வாட்ச்மேன் ரூமில் நின்ற வெள்ளைக்கோல்

1. முதல் நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்கு முன் தாம்பரம் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு விஷயங்கள் கற்றிருந்தேன். ஒன்று, பி.பி.எக்ஸ். போர்டு, அதாவது ஆபீஸ் டெலிபோன்களை இணைக்கும் பலகை. அழைப்பு வந்தால் எந்த லைனின் ஷட்டர், அந்தச் சின்ன மூடி, விழுந்திருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து லைன் கொடுக்க வேண்டும். இன்னொன்று, வெள்ளைக்கோல். இடது கால் முன்னே போகும்போது கோலின் நுனி வலப்பக்கம் தட்ட வேண்டும். அடுத்த அடி விழப்போகிற இடத்தைக் கோல் முதலில் பார்த்துவிடும்.

அன்று தாம்பரத்தில் ரயிலேறி, குரோம்பேட்டையில் இறங்கி, ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை லாரிகளைத் தாண்டி, தனியாகவே கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆபீஸ் நிர்வாகம் பார்க்கும் மேனேஜர் அங்கே நின்றிருந்தார்.

“அந்தக் குச்சியை வாட்ச்மேன் ரூம்ல வச்சிடுங்க” என்றார்.

“சார், அது இல்லாம நடக்க முடியாது.”

“எதுக்கு நடக்கணும்? ஆறுமுகம்னு ஒரு பியூன் இருக்கான், கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போவான். ஃபாரின்காரங்க வர்ற ஆபீஸ் இது. குச்சியைத் தட்டிக்கிட்டு வந்தா தர்ம ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.”

நெடுஞ்சாலையைத் தாண்டி வந்தவனுக்கு வராந்தாவில் நடக்கத் தெரியாதாம். வேலை வேண்டும், அதனால் வாயை மூடிக்கொண்டு கோலைக் கொடுத்தேன். அந்தப் பணிவை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

2. கை பிடிக்க ஆள்

ஆறுமுகம் நல்லவர். ஆனால் அவர் ஒருவர்தான் பியூன். டீ வாங்க, ஃபைல் தூக்க, மேனேஜர் மனைவிக்குப் பல்லாவரம் சந்தையில் காய்கறி வாங்க, எல்லாவற்றுக்கும் அவரே. எனக்கு பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். சில வாரங்களில், காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்து சொன்னார்: “சந்தைக்கு அனுப்பறாரு சார். நான் வர்ற வரைக்கும் தண்ணி கிண்ணி குடிச்சிகினு இருக்காத.”

அவர் போன கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் அவசரம். வயிறு கேட்கவில்லை. மாற்று ஆளை போர்டில் உட்காரவைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு போனேன். கேபிள் போடுவதற்காக வராந்தா முனையில் இடுப்பளவு பள்ளம் வெட்டியிருந்தார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை. விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது.

என்னைத் தூக்கி உட்காரவைத்தபோது மேனேஜர் சொன்ன முதல் வார்த்தை: “பார்த்து நடக்கக் கூடாதா?”

சுற்றி நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய அறிவின் அளவு அவ்வளவுதான் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

3. மெமோ

மாவுக்கட்டோடு திரும்பி வந்தால் மேஜையில் மெமோ. ஆறுமுகம் எழுத்துக்கூட்டிப் படித்தார். துணையின்றி அஜாக்கிரதையாக நடந்ததற்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம்.

எனக்கு டைப்பிங் தெரியும். ஒரு கையால் அடித்தேன். கோல் இருந்திருந்தால் ஓரடிக்கு முன்பே பள்ளம் தெரிந்திருக்கும், தங்கள் வாய்மொழி உத்தரவின்படி அது வாட்ச்மேன் ரூமில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு நகல் முதலாளிக்கு என்று கீழே போட்டேன். அன்று மாலை கோலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன், மறுநாள் அதைத் தட்டிக்கொண்டே கேட்டைத் தாண்டினேன். வேலை போனால் அடுத்த வேலை கிடைக்க வருஷக்கணக்காகும்.

“ரூல் ஞாபகமில்லையா?” என்று மேனேஜர் வழிமறித்தார்.

“இருக்கு சார். கோல் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு எழுதிக் குடுங்க. அதையும் விளக்கத்தோட சேத்து முதலாளிக்கு அனுப்பிடறேன்.”

அவருடைய செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏறியது. எழுத்தில் எதுவும் வரவில்லை. மெமோவும் அப்படியே அமுங்கிப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் ஒரு வெளிநாட்டு விருந்தாளியை என் டெலிபோன் ரூமுக்குக் கூட்டிவந்தார். நான் கோலைத் தட்டித் தனியாக நடப்பதைக் காட்டி, இந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்ததே தான்தான் என்று ஆங்கிலத்தில் பெருமையாக விளக்கினார். விருந்தாளி அவர் கையைக் குலுக்கிப் பாராட்டினார்.

வேலைக்குப் போகும் பார்வையற்ற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் கோலை யாராவது வாங்கி வைக்கிறேன் என்றால், எழுத்தில் கேளுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு வாய் மட்டும்தான் தைரியம். பேனாவை எடுக்கச் சொன்னால் மாடிப்படி ஏறிவிடுவார்கள்.