மேசைக்கு அடியில் ஒரு ரம்பம்

பலகையைத் தரையில் போட்டு ஒரு காலால் மிதித்துக்கொண்டு அறுத்தே என் முழங்கால் போய்விட்டது. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் மரவேலை. ஊரில் கம்பெனி ஆட்களுக்காக அறை அறையாகக் கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அறைக்கு ஒரு சுவர்ப்பலகை, ஒரு செருப்பு ஸ்டாண்டு என்று அறைகளின் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதற்கு முன் நான் போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தவள். மரவேலை நானாகப் பழகியது.

"மேசை ஒண்ணு வேணுங்க. நின்னுகினு அறுக்கணும், அதுமேலயே வச்சு கோக்கணும்" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

அவர் சிவகங்கைப் பக்கம். ஒரகடத்தில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் வேலை. உடனே சரி என்றார். வெளிநாட்டு மிஷின்கள் வந்திறங்கிய பெட்டிக் கட்டைகளைப் பழைய சாமான் கடையில் பொறுக்கி வந்தோம். கால் நான்கும் கனமான கட்டை. குறுக்குச் சட்டம் போட்டு போல்ட் முடுக்கியதும், நான் மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

சண்டை வந்தது ரம்பத்தில்தான். கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தை மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டி, பல் மட்டும் மேசைப் பலகையில் போட்ட பிளவு வழியாக மேலே தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னேன். கடைகளில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

"அது மட்டும் வேணாம் புள்ள. பிரஸ்ல கை போனவனைத் தூக்கிக்கிட்டு ஓடுனவன் நான்."

"கையில புடிச்சி அறுத்தா மட்டும் போவாதா?"

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். மேசைக்கு அடியில் கையை விட்டு ரம்பத்தின் விசையை அழுத்திக்கொண்டிருக்க முடியாதே, அதனால் விசையைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினோம். சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும்.

முதல் பலகையைத் தள்ளினேன். பாதி வரை வெண்ணெய் மாதிரி போனது. திடீரென்று சத்தம் இறங்கி ரம்பம் நின்றுவிட்டது. கரன்ட் போய்விட்டது. அந்த வருடங்களில் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பலகை பல்லில் சிக்கி நின்றது. ஆணி கீணி இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார். ரம்பத்துக்கும் மேசைப் பிளவுக்கும் நடுவே ஒரு சிராய் செருகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். வரவில்லை. இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு இன்னும் நெருங்கிக் குனிந்தார். நான் வேர்வையைத் துடைக்க முந்தானையை எடுத்தவள், சுவரைப் பார்த்தேன். சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

"கையை எடுங்க!"

நான் கத்தியதும் கரன்ட் வந்து ரம்பம் உறுமியதும் ஒன்றாக நடந்தது. பலகை அவர் விலாவை உரசிக்கொண்டு பறந்துபோய்த் தகரத்தில் மோதியது. ஸ்க்ரூடிரைவர் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்.

"இன்னா ஆச்சி? கை கீதா?"

"இருக்கு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

விரல் எல்லாம் இருந்தது. கட்டை விரல் அடியில் தோல் மட்டும் கிழிந்து ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். விலா ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. மேசை மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். ரெண்டு பேரும் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் சுங்குவார்சத்திரத்தில் வாங்கிய ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியை என் முன்னால் வைத்தார். போர் மோட்டாருக்கு வைப்பார்களே, பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானுமாக, அது.

"கரன்ட் போனா இது இணைப்பை விட்டுரும். திரும்பி வந்தாலும், பச்சையை அமுக்குனாத்தான் ஓடும். எங்க பிரஸ்ல எல்லாத்துக்கும் இது இருக்கு. வீட்டுல வைக்கத் தோணல பாரு."

மேசைக் காலில், இடுப்பு உயரத்தில் அதை மாட்டினார். பச்சையை அழுத்தி ரம்பத்தை ஓடவிட்டு, வீட்டு மெயினை இறக்கினார். நின்றது. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெயினை ஏற்றினார். வீட்டுக்குள் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. ரம்பம் அசையவில்லை. நம்பாமல் மறுபடியும் இறக்கி ஏற்றச் சொன்னேன். மறுபடியும்.

"இப்ப அறு" என்றார்.

"நீங்களே அறுங்க."

"எனக்குப் பயமா இருக்கு புள்ள."

கல்யாணமாகி அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். பலகையை எடுத்து வைத்து நானே பச்சையை அழுத்தினேன். கையால் தள்ளாமல் ஒரு கட்டையால் தள்ளினேன். அறுந்து முடிகிறவரை அவர் சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தபடி என் பக்கத்திலேயே நின்றார்.