மானை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தவள்

மிருகங்களைக் காட்டும் டிவி சேனலில் தமிழில் பேசுகிற அந்த ஆளின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் திருப்பூரில் நான் வாங்கிய பேரெல்லாம் அவன் குரலால் வாங்கியதுதான்.

வேலம்பாளையத்துப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு எல்லோரும் ஹாலில் டிவி முன்னால் உட்காருவோம். சினிமா வேண்டும் என்று ஒரு கூட்டம், பழைய சீரியல் வேண்டும் என்று ஒரு கூட்டம். சண்டை முற்றியதும் வார்டன் வந்து ரிமோட்டைப் பிடுங்கி மிருக சேனலை வைத்துவிட்டு, ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவாள். யாருமே கேட்காத சேனல் என்றால் சண்டை வராது என்பது அவள் நினைப்பு. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த பெண்களுக்கு மட்டும் சந்தோஷம். பாஷை தெரியாமலே பார்க்கலாம்.

அந்தக் குரல்காரன் பேசுவது வீட்டில் யாரும் பேசாத தமிழ். "இதோ... பசியோடு... காத்திருக்கிறது... இந்தப் பெண் சிங்கம்" என்று வார்த்தைக்கு வார்த்தை ஒரு மூச்சு விடுவான். எரிமலை வெடித்தாலும் அதே மூச்சு. பூகம்பத்தில் ஒரு ஊரே மண்ணுக்குள் போனாலும் அதே மூச்சு. எனக்கோ சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் மாதிரிப் பேசிக் காட்டும் வியாதி. இரண்டாவது வாரமே அவன் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

டீ டைமில் அவிழ்த்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர் வெற்றிலைக் கறைப் பல்லோடு வருவார். "உறங்கிக்கொண்டிருந்த எரிமலை... செந்நிறக் குழம்பைக் கக்குகிறது" என்பேன். செக்கிங் பெண்கள் பேன் பார்க்கும் குரங்குகள். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் புயல் எச்சரிக்கை, பனியன் பண்டல்கள் கரையைக் கடக்கும் நேரம் எல்லாம் சொல்வேன். பன்னும் டீயும் மூக்கில் ஏறச் சிரிப்பார்கள். ஊரில் என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே டீ மணி அடித்தால் என்னைத் தேடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பக்கத்து மிஷினில் ஒரு அக்கா. தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர், எனக்கும் அதே ஜில்லாதான். வயது நாற்பத்தைந்துக்கு மேல். புருஷன் இல்லை. ஒரே மகள் நாகர்கோவிலில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முடிகிறவரை இங்கே தைத்தாக வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் வாழ்க்கை. ஹாஸ்டலிலும் எனக்குப் பக்கத்துப் பாய். டிவி பார்க்கும்போது திரைக்கு ஒரு முழம் தள்ளி, முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்வாள். "யக்கா, மானை மறைக்காத!" என்று பின்னாலிருந்து கத்துவோம். நகர்ந்து உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்தில் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுவாள்.

ஒருநாள் கூட்டத்திலிருந்து பிரிந்த ஒரு நொண்டி மானைச் சிங்கம் துரத்தியது. அக்கா திரும்பி என்னிடம் கேட்டாள்.

"ஏட்டி, படம் புடிக்கவன் பக்கத்துலதான நிக்கான். ஒரு கல்ல எடுத்து எறியப்பிடாதா?"

"எறிஞ்சா படம் ஏதுக்கா?" என்றேன். ஹாலே சிரித்தது.

முன்னாலேயே போய் உட்கார்வது ஏன் என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்தால் அக்காவால் ஊசியில் கோர்க்க முடியவில்லை. கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, கண்ணாடி போட்டாலும் தெளியாது என்று சொல்லிவிட்டார்கள். "தைக்கதுக்குக் கை போதும்ட்டி. கோக்கத்தான் கண்ணு வேணும்" என்றாள். அது உண்மை. அவள் தைத்த பீஸ் செக்கிங்கில் திரும்பி வந்ததே இல்லை. என்னுடையது வரும்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு ஆயிற்று. நூல் அறுந்தால் டிரிம்மரால், அதாவது நூல் வெட்டுகிற அந்தச் சின்னக் கத்திரியால், மேஜையில் இரண்டு தட்டு தட்டுவாள். நான் எட்டிக் கோர்த்துக் கொடுத்துவிட்டு என் மிஷினுக்குத் திரும்பிவிடுவேன். பதிலுக்கு அவள் நன்றி என்று வாயால் சொன்னதில்லை, என் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போடுவாள், அவ்வளவுதான். முதலில் பெருமையாக இருந்தது. போகப்போக எரிச்சல். இரண்டு தட்டு கேட்டாலே பல்லைக் கடிப்பேன். என் புரொடக்‌ஷன் குறைந்தது. சூப்பர்வைசர் என்னைக் கேட்டார், அவளைக் கேட்கவில்லை.

சூப்பர்வைசர் இந்தப் பக்கத்துக்காரர். நான் அங்கே இருந்த மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை. எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை போய்விடும். இவருக்குக் கோபம் வரவர மரியாதை ஏறும். "வாம்மா" என்றால் ஒன்றுமில்லை. "வாங்க கண்ணு" என்றால் திட்டு. "சித்த இப்புடி வாங்க சாமி" என்று அழைக்கப்பட்டவர்கள் மறுநாள் வேலைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவருக்கு நல்ல மூடு. பெரிய ஆர்டர் ஒன்று நேரத்துக்குப் போயிருந்தது. டீ டைமில் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு எங்கள் லைனுக்கு வந்தார்.

"ஏங் கண்ணு, நீ டிவிக்காரனாட்டம் பேசுறியாமா? எங்க, சாருக்கு ஒருக்கா பேசிக் காட்டு."

உச்சி குளிர்ந்துபோனது எனக்கு. எழுந்து நின்றேன். எரிமலை, குரங்கு, புயல், எல்லாம் வரிசையாக வந்தன. ஒடிசாப் பெண்களைக் கண்டம் தாண்டிப் பறந்து வந்த பறவைகள் என்றேன். மேனேஜர் கைதட்டினார். சூப்பர்வைசர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிங்கம் எங்க கண்ணு? வேட்டையே வல்லியே" என்றார்.

வேட்டை என்றால் ஒரு மான் வேண்டும். நான் லைனைப் பார்த்தேன். அக்கா பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவில்லை என்று சொன்னாலும் பொய். காலையிலிருந்து ஆறு முறை கோர்த்துக் கொடுத்திருந்தேன்.

"இதோ... கூட்டத்தின் ஓரத்தில்... ஒரு வயதான மான். அதன் கண்கள்... மங்கிவிட்டன. ஊசியின் காது... அதற்குத் தெரிவதில்லை. டிரிம்மரால் இரண்டு முறை தட்டி... அது உதவிக்கு அழைக்கிறது. பக்கத்து மான் ஓடோடி வந்து... நூல் கோர்க்கிறது. ஆனால்... எத்தனை நாளைக்கு?"

அந்த 'எத்தனை நாளைக்கு' என்பதில் குரலை இறக்கினேன் பாருங்கள், அந்தக் குரல்காரனே தோற்றான். லைன் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். வாயில் பன்னோடு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் போய்விட்டார். டீ டைம் முடிந்து மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. சூப்பர்வைசர் போகவில்லை. அக்காவின் மிஷினுக்குப் பின்னால் வந்து நின்றார். பிறகு லைனைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாரும் சித்த மிசின நிறுத்துங்க கண்ணுங்களா."

எல்லாம் நின்றன. லைன் கடைசியில் பண்டல் கட்டுகிற பெண் தும்மியது இந்தக் கோடிவரை கேட்டது. அவர் குனிந்து, அக்காவின் ஊசியிலிருந்து நூலை மெதுவாக உருவினார்.

"இதக் கொஞ்சம் கோத்துக் காட்டுங்க சாமி. பாக்கலாம்."

அக்கா நூல் முனையை நாக்கில் நனைத்தாள். ஊசிக்கு இந்தப் பக்கம் போயிற்று. மறுபடி நனைத்தாள். அந்தப் பக்கம் போயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாம் தடவை நூல் ஊசியை உரசியபோது, போய்விட்டது என்று நினைத்து இழுத்தாள். வெறும் நூல் கையோடு வந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லோருக்கும் அது இன்னும் வேட்டைதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடுத்தது என்ன ஆகும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா நூலைக் கீழே வைத்தாள். டிரிம்மரை எடுத்தாள். மேஜையில் இரண்டு தட்டு தட்டினாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை. நான் எழுந்து கோர்த்திருந்தாலும் அவள் வேலை மிஞ்சியிருக்காது, அது எனக்குத் தெரியும். என் வேலையும் போயிருக்கலாம். அல்லது போகாமலும் இருந்திருக்கலாம். "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேங்க சார், அந்த மிஷினில் ஊசி சரியில்லை" என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அத்தனை கதை அளந்த வாய்க்கு அந்த ஒரு பொய் வரவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு என் மிஷினின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நூல் இருந்தது.

"போச்சாதுங்க சாமி, பரவால்லீங்க," என்றார் சூப்பர்வைசர். "உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்? ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்க. கணக்க நாளைக்கே முடிச்சுக் குடுக்கச் சொல்றனுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, முதுகில் தட்டாத குறையாக, "நல்லாப் பேசுற கண்ணு" என்றார். அன்று மாலைக்குள் அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது அக்கா ஹாலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். முதல்நாள் துவைத்த என் சுடிதாரை மடித்து என் பாய்மேல் வைத்திருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் செருப்பைத் தேடினேன். செருப்பு கண்முன்னாலேயே கிடந்தது.

"ஏட்டி" என்று கூப்பிட்டாள்.

நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். எங்கள் ஊர்க்காரி திட்டினால் கதை அத்தோடு முடிந்துவிடும். அவள் திட்டவில்லை. என் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"நீ பேசினதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல. எல்லாரையும்தான பேசுத. நான் தட்டுனேனே, அது ஒனக்குக் கேக்கலையா?"

"மிசின் சத்தத்துல கேக்கலக்கா," என்றேன்.

"அப்படியா," என்றாள். அவ்வளவு பேர் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கும் தெரியும்.