தனகோடி மூடிய மடை

தனகோடி என் கொழுந்தன் பெண்டாட்டி. ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் அவள் நிலத்துக்கும் எங்கள் நிலத்துக்கும் ஒரே வரப்பு. கொழுந்தன் செத்த வருடமே கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடும் செத்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, மேலே ஏற்ற வழியில்லை. எங்கள் பக்கத்து ஏழு வீடும் மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு எழுதிப் போட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

எண்பத்திரண்டில் ஜீப்பில் ஓர் ஆபீசர் வந்தார். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி வாய்க்காலில் விடுகிறார்களாம். அதைப் பாய்ச்ச ஒத்துக்கொண்டால் கரண்ட் உடனே உண்டு. பாய்ச்சுவதை நிறுத்தினால் கரண்டும் போய்விடும். ஏழு வீட்டு ஆம்பளைகளும் தலையைச் சொறிந்தார்கள்.

தனகோடிதான் எழுந்தாள். "கொஞ்சம் இருங்க சார். பருப்பு வேக வெச்சிப் பாத்துட்டு சொல்றோம்."

பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை ஊர்த் தண்ணீரை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். பருப்பு வெந்தால் நல்ல தண்ணீர்.

"சமையலுக்கா குடுக்கறோம்? பயிருக்குத்தானேம்மா?"

"பயிருக்கும் வயிறு இருக்குது சார்."

வாய்க்காலில் நாற்றமே இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கேயே கல் கூட்டி வேக வைத்தாள். அரை மணியில் பருப்பு மாவாய்க் கரைந்தது. ஆனால் தோல் ஊறின தண்ணீர் ஆயிற்றே, ஒருத்தரும் நாக்கில் வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கன்னியப்பன், "பருப்பே சொல்லிட்ச்சி, இன்னும் இன்னா?" என்று முதல் கைநாட்டு வைத்தார். ஏழு வீடும் வைத்தது.

கரண்ட் வந்தது. தனகோடி சுவிட்சைத் தொட்டுக் கும்பிட்டாள். இரண்டு வருடம் நெல் நன்றாகத்தான் விளைந்தது. மூன்றாம் வருடம் நாற்றின் நுனி கருகியது, தரையில் வெள்ளை பூத்தது. அவள் வாய்க்கால் தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றினாள். பிறகு கிணற்றுத் தண்ணீரை. இரண்டும் ஒரே கரிப்பு. அன்று பருப்பு வெந்தது நல்ல தண்ணீர் என்பதால் இல்லை, தண்ணீரில் இருந்த உப்புதான் சோடா உப்பு போட்டது மாதிரி அதைக் கரைத்திருந்தது.

அன்றே வீடு வீடாகப் போனாள். "என் பருப்பு பொய் சொல்லிட்ச்சிக்கா. மடைய மூடுங்க."

"மூடினா கரண்ட்ட புடுங்கிடுவான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கரண்ட் இருந்து உப்பத்தான மாமா எறைக்கப் போறோம்?"

"நீ சொன்னன்னு கைநாட்டு வெச்சோம். இப்ப நீ சொன்னன்னு மோட்டாரயும் கழட்டணுமா? நல்ல நியாயம்!"

தனகோடி தன் மடையை மட்டும் மண் தள்ளி மிதித்து மூடினாள். பத்தாம் நாள் லைன்மேன் வந்து அவள் ஒயரை அறுத்தான். திரும்பி என்னிடம், "உங்க மடை?" என்றான். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொறந்துதான் இருக்குது" என்றேன்.

அவள்தான் ஊரைக் கெடுத்தாள் என்கிறவர்கள் இன்றும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிலம் முழுக்க உப்பாகிறவரை இன்னும் நாலு வருடம் பாய்ச்சியது நாங்கள். கரண்ட் போனதும் அவள் தோல் ஷாப்பில் கூலிக்குச் சேர்ந்தாள். காலையில் எங்கள் வரப்பு வழியாகத்தான் போவாள், மடைப் பக்கம் திரும்பாமல்.